வரிசைத் தட்டில் வந்த உப்பு

ஆதிலட்சுமியின் அடுப்பு மேடையில் கடை உப்புப் பாக்கெட் ஒன்று வாய் கிழிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் எழிலரசிக்கு முதலில் வந்தது கோபம்தான். பயம் கொஞ்சம் பிந்தி வந்தது. வந்த பிறகு போகவில்லை.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆரணியின் அந்த நெசவுத் தெருவில் ஒரு வருடமாக அவள் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். சென்னையில் இருக்கும் ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்காக வேலை. நாளெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாற்பது வயதுக்குள்ளேயே ரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது. போன வருடம் ஒருவர் தறியில் இருந்தபடியே கை இழுத்துக்கொண்டு சாய்ந்தார். சாப்பாட்டு உப்பை மாற்றிக் கொடுத்தால் இந்த அழுத்தம் இறங்குமா, மாரடைப்பும் பக்கவாதமும் வருவதைத் தடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அதற்காகவே ஒரு தனி உப்பு. சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பொட்டாசியம் சேர்த்தது. மாதாமாதம் எழிலரசி அதைப் பாக்கெட் பாக்கெட்டாகச் சுமந்து வந்து கொடுப்பாள். வீட்டில் வேறு உப்பு வாங்கக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆதிலட்சுமியின் புருஷன் வேடியப்பனுக்கு அழுத்தம் எக்கச்சக்கம். இந்த வீட்டிலேயே கடை உப்பு என்றால் வேறு யாரைக் கேட்பது?

"அக்கா, இன்னா இது?"

ஆதிலட்சுமி கூடத்தில் உட்கார்ந்து ராட்டையில் தறிக்கான ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "கடை உப்புதாம்மா."

"அது தெரியுது. நம்ம உப்பு எங்க?"

"தீந்துடுச்சு."

"இவ்ளோ ஜல்தியாவா? இந்த மாசத்துப் பாக்கெட்டு வேற முழுசா இருக்கணுமே!"

ராட்டை நின்றது. ஆதிலட்சுமி சிரித்தாள். ஒளித்து வைத்த பரிசு அகப்பட்டுவிட்டதே என்கிற மாதிரி ஒரு வெட்கச் சிரிப்பு.

"உனுக்கு இன்னுமா தெரியல? உன் வூட்லதான்மா இருக்குது. கிரகப்பிரவேசத்துக்கு வரிசத் தட்டு எடுத்துகினு வந்தமே, அதுல முன்னாடி வந்த டப்பா இன்னான்னு நெனச்ச? நானு, சின்னக்கண்ணு, கோடி வூட்டுக்காரம்மா, எல்லாரும் சேத்துதான் ரொப்பினோம். உனக்குக் கடை உப்பு வாங்கியாற மனசு வரல. உன் கையால குடுத்த உப்பு, உன் வூட்டுக்கே முதல் உப்பா வரட்டும்னு தோணுச்சு."

அந்த டப்பா அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பெரிய, புது எவர்சில்வர் டப்பா. மஞ்சள் பூசி, மூடியில் மல்லிச்சரம் சுற்றி, தட்டின் நடுவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. தாய்வீட்டு வரிசை என்று எடுத்துவர ஆளில்லாமல் ஒரு கிரகப்பிரவேசம் நடக்கப்போகிறதே என்று அவள் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தபோது, இந்தத் தெருப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் இறங்கி வரிசையாக நடந்து வந்தார்கள். அவள் அப்பா பொன்னுசாமி சந்தவாசல் பக்கம் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு இறங்கியவர். அந்தச் சாதியில் பிறந்தவள் வீட்டுக்கு இந்தத் தெருவார் வரிசைத் தட்டு ஏந்தி வந்ததும், பந்தியில் உட்கார்ந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு அவள் அழுதுவிட்டாள். கல்லுப்பு கொண்டுவருவதுதானே வழக்கம், இவர்கள் பொடியுப்பு கொண்டுவந்திருக்கிறார்களே என்று ஒரு கணம் தோன்றியதுதான். தோன்றியதை அந்தச் சந்தோஷத்தில் எங்கேயோ விட்டுவிட்டாள். புதுவீட்டுக்குள் முதலில் நுழைந்த உப்பை எடுத்துத்தான் சமைக்கவேண்டும், அதுதான் வீட்டுக்கு நல்லது. ஜாடியில் கொட்டினாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் அதைத்தான் போட்டுச் சமைக்கிறாள்.

வீட்டில் பொன்னுசாமி இருக்கிறார். அவருக்குச் சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது.

"எழிலு? இன்னாமா ஆச்சு, மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?"

ஒரு வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் நின்று, "கிட்னி கோளாறு இருக்கிறவங்க யாரும் இத வாயில வெக்கக்கூடாது, உயிருக்கே ஆபத்து" என்று தெருவைக் கூட்டி வைத்துச் சொன்னவளே அவள்தான். கிட்னி நோயாளி இருக்கிறார் என்று தெரிந்து இரண்டு வீடுகளை ஆராய்ச்சியிலிருந்து நீக்கியவளும் அவள்தான். பழுதான சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே தள்ளாது. ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் இதயத்தை நிறுத்திவிடும். இவ்வளவும் தெரிந்தவள், தன் அப்பாவின் நோயைப் பற்றி மட்டும் இந்தத் தெருவில் மூச்சு விட்டதில்லை. ஊர் உடம்பைப் பார்க்க வந்தவள் வீட்டிலேயே ஒரு நோயாளியா என்று யாராவது கேட்டுவிட்டால்? அந்த வறட்டு கௌரவம்தான். சொல்லியிருந்தால் ஆதிலட்சுமி அந்த டப்பாவைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். பையை அங்கேயே விட்டுவிட்டது வண்டியைக் கிளப்பிய பிறகுதான் தெரிந்தது. திரும்பவில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு அருகே அரிசி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்று, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆரணியில் அவசரம் என்று ஒருத்தி கிளம்பினால் எங்கிருந்தோ ஒரு லாரி வந்து குறுக்கே நிற்கும், அது இந்த ஊர் வழக்கம். எழிலரசி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள். லாரிக்காரன் எட்டிப்பார்த்து ஏதோ திட்டினான். அவள் காதில் ஏறவில்லை.

நேற்று ராத்திரி கால் இழுக்கிறது என்று அப்பா சொன்னார். ஆமாம், சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே, "நடந்தா சரியாப்பூடும் நைனா" என்று பதில் சொன்னாள். தசை பிடித்துக்கொள்வது பொட்டாசியம் ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். சில பேருக்கு அடையாளமே இருக்காது, படுத்தவர் எழுந்திருக்கமாட்டார் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டில் எது அப்பாவுக்கு என்று அவள் மனசு மாறி மாறிக் கேட்டது. குழம்பு வேறு சில நாளாக ஒரு மாதிரிதான் இருந்தது, அவளுக்கே தெரிந்தது. புது வீட்டு போர் தண்ணீர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீர் மேல் பழியைப் போட்டுவிட்டு, ருசி கூடட்டும் என்று இன்னும் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்தும் போட்டாள். அதை நினைத்ததும் வண்டியை இன்னும் முறுக்கினாள்.

வீடு பூட்டிக் கிடந்தது. மறுபடி போன் போட்டாள், அது உள்ளே அடிப்பது வாசலில் கேட்டது. திறந்து உள்ளே போனாள். கட்டிலில் அவர் இல்லை. குளியலறையில் இல்லை. காலையில் அவள் போட்டு மூடி வைத்த சோற்றுத் தட்டு காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. முழுவதும் சாப்பிட்டிருக்கிறார். மற்ற நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இன்றைக்கு அந்தக் காலித் தட்டைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடினாள்.

"நைனா!" என்று வாசலில் நின்று கத்தினாள். எதிர்மனையில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "பெரியவரு மெயின் ரோட்டு பக்கம் போனாருமா, தெனமும் போறாரே" என்றார்.

உச்சி வெயிலில் நடைப்பயிற்சியா என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. மறுபடி வண்டியை எடுத்தாள். சாலை ஓரமாக, புளியமர நிழல் விட்டு நிழல் பார்த்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு பொன்னுசாமி நிதானமாக வந்துகொண்டிருந்தார். உயிரோடுதான் வந்துகொண்டிருந்தார்.

"நைனா, நெஞ்சு படபடன்னு அடிக்குதா? கையி காலு மரத்துப்போன மாதிரி இருக்குதா?"

"இன்னாத்துக்கு? நல்லாத்தான இருக்கறேன்."

"வண்டில ஏறு."

"எங்க?"

"ஏறுன்னா ஏறு நைனா, பேஜார் பண்ணாத!"

மகள் இப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. உடனே ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவர் கை தன் தோளில் இருக்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இளம் டாக்டர், பெண், சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுல பெருசா ஒண்ணும் தெரியல. ஆனா இத மட்டும் நம்ப முடியாது. ரத்த ரிசல்ட் வரட்டும். பொட்டாசியம் ஏறியிருந்தா உடனே வேலூருக்கு அனுப்பிடுவேன், ரெடியா இருங்க" என்றாள். செய்யாறு பக்கம் கம்பெனியில் ஷிப்டில் இருந்த புருஷன் குணாவுக்கு எழிலரசி தகவல் சொன்னாள். அவன் கிளம்பி வருவதாகச் சொன்னான். அடுத்து நேமிநாதனுக்குப் போன் போட்டாள்.

நேமிநாதன்தான் இந்த ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர். எறும்பு மேல் கால் படாமல் நடக்கிற மனிதர், கோபம் வந்தாலும் குரலை உயர்த்தமாட்டார்.

"எவ்வளவு நாளா சாப்பிடறார்?" என்றுதான் முதலில் கேட்டார்.

"கிரகப்பிரவேசத்துல இருந்து சார். ரெண்டு வாரம் இருக்கும்."

"ரிசல்ட் வந்த உடனே சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம்." கொஞ்சம் தயங்கி, "நம்ம உப்புதான்னு நிச்சயமா தெரியுமா எழிலரசி?" என்றார்.

"கொண்டாந்தவங்களே சொன்னாங்க சார்."

"சரி. வெளிய ஆர்கிட்டயும் இப்ப எதுவும் சொல்லவேணாம். இப்படி ஒண்ணு நடந்துதுன்னா ஸ்டடியையே நிறுத்திடுவாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நிமிடத்தில் அவரை எங்கேயாவது தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. தன் அப்பனின் ரத்தம் ஒரு கண்ணாடிக் குழாயில் சுற்றிக்கொண்டிருக்கிறது, இவருக்கு ஸ்டடி!

காத்திருப்பதைவிடக் கொடுமை வேறில்லை. ரத்தப் பரிசோதனை அறைக் கதவு திறக்கிறபோதெல்லாம் அவள் எழுந்தாள். வேறு யாரையோ கூப்பிட்டார்கள். உட்கார்ந்தாள். தான் ஊற்றிய ரசம், தாளித்த கூட்டு, வற்றவைத்த குழம்பு எல்லாம் வரிசையாக மனசில் வந்து போயின. பொட்டாசியம் இருக்கிறது என்று வாழைப்பழத்தைக் கையிலிருந்து பிடுங்கி வைத்தவள். இளநீர் குடித்தார் என்று ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவள். அந்தக் கண்டிப்பெல்லாம் போதாதென்று அதே விஷத்தைச் சோற்றில் பிசைந்து அவளே போட்டிருக்கிறாள். இவர் போய்விட்டால் ஊர் ஒன்றும் சொல்லாது, வயசாச்சு, நோயாளி என்று விட்டுவிடும். அவளுக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் அந்த அடுப்புக்கு முன்னால் அவள் இனி எப்படி நிற்பாள்?

பொன்னுசாமி பக்கத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் கண்ணில் நீர் இறங்குவதைப் பார்த்ததும் அசைந்து உட்கார்ந்தார். "எழிலு, நான் ஒண்ணு சொல்லட்டுமா" என்று ஆரம்பித்தார்.

"நீ பேசாத நைனா. ரெஸ்ட் எடு."

"இல்லமா, அந்தச் சோறு..."

"பேசாதன்னு சொல்றேன்ல!"

வாயை மூடிக்கொண்டார். இந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் முழுசாகப் பேசவிடுவதில்லை.

கடைசியில் அவர்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் தாளைப் பார்த்தாள், பொன்னுசாமியைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"பொட்டாசியம் நார்மல்."

எழிலரசிக்குப் புரியவில்லை. "டாக்டர்?"

"நார்மல்மா. போன தடவ எடுத்தத விடக் கொஞ்சம் கம்மியாவே இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா பிபிதான் நல்லா ஏறியிருக்கு. சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தி போல. ஊறுகாய், வடைன்னு எதாவது சாப்பிடறாரா?"

"சேச்சே, வூட்டுச் சாப்பாடுதான் டாக்டர். நான்தான் அளந்து போடறேன்."

பொன்னுசாமி இருமினார்.

வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தாள். அங்கே வந்ததும் அவர் தானாகவே சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி சொன்னார்.

"மெயின் ரோட்டுல காசியம்மா கடை இருக்குது இல்ல, அங்கதான் தெனமும் காலயிலயும் மத்தியானமும் சாப்புடறேன். இட்லி, வடை. ஒரு ஊறுகா."

"அப்ப நான் வெச்சிட்டுப் போற மத்தியானச் சோறு? ராத்திரி?"

"மத்தியானச் சோத்த பின்மனையில ஒரு பசு கட்டிகினு இருக்கறாங்க பாரு, அதுக்கு வெச்சிடுவேன். ராத்திரிக்குப் பசியில்லன்னு ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சிடுவேன்."

எழிலரசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள், அடித்த கையாலேயே அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அவள் போட்ட சோற்றைத் தின்னாமல் ஏமாற்றியதால் உயிரோடு இருக்கிற மனிதர்!

"ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?"

"எப்படிமா சொல்றது? நீ கஷ்டப்பட்டு வூடு கட்டி, புது அடுப்பு வெச்சு, ஆசயா ஆக்கிப் போடற. வாயில வெக்க முடியல, கசக்குதுன்னு சொன்னா நீ மனசு நொந்துக்க மாட்டியா? அதான் நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னு சொல்லிகினு இருந்தேன்."

அவள் கை அவர் தோளிலேயே நின்றுவிட்டது.

நல்லா இருக்குது. இந்தச் சொல்லை அவள் ஒரு வருடமாக மாதாமாதம் கேட்டுவருகிறாள். அந்தத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, உப்பு பிடித்திருக்கிறதா என்று கேட்டு, அவர்கள் சொன்ன அதே சொல்லைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறாள். ஒரு வீட்டுக்கு ஒரு மாதத்துக்குச் சரியாக வருகிற அளவு உப்பு அது. தின்றிருந்தால் தீர்ந்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய டப்பாவை ரொப்ப அவர்களிடம் மீதி எங்கிருந்து வந்தது? காலையிலிருந்து இந்தக் கேள்வி அவள் முன்னாலேயே நின்றிருக்கிறது. பயத்தில் கண்ணில் படவில்லை.

ஆதிலட்சுமிக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எழிலு! எங்கமா போன, பையக்கூட வுட்டுட்டு? நாங்க எல்லாம் பயந்துபூட்டோம்."

"ஒண்ணுமில்லக்கா, அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு வந்தேன். இப்ப நல்லா இருக்கறாரு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அக்கா, ஒண்ணு கேப்பேன். நெசத்த சொல்லணும். நான் கோச்சிக்க மாட்டேன். அந்த உப்பப் போட்டு நீங்க சமைச்சீங்களா?"

அந்தப் பக்கம் தறிச் சத்தம் தள்ளிப் போனது, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள் போல.

"ரெண்டு நாளு போட்டோம்மா" என்றாள் ஆதிலட்சுமி. "கசக்குது. அவரு தட்டத் தள்ளிட்டாரு. அப்புறம் போடல. தெருவுல ஆருமே போடல."

"ஒரு வருசமா நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களேக்கா!"

"வேற இன்னா சொல்றது? வேகாத வெயில்ல அத்தினி மூட்டயும் நீ தூக்கிகினு வர. உன் மூஞ்சப் பாத்து நல்லா இல்லன்னு சொல்லிட முடியுமா? உன் வேலைக்கு எதாவது ஆயிட்டா?"

"வேணாம்னா கொட்டியிருக்கலாமே. ஏன் சேத்து வெச்சீங்க?"

"இன்னாமா பேசற நீ?" ஆதிலட்சுமிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "உப்பக் கொட்டுவாங்களா யாராச்சும்? லட்சுமி இல்ல? அதான் நல்ல காரியத்துக்கு ஆவட்டும்னு எடுத்து வெச்சோம்."

எழிலரசி போனை வைத்தாள். வேடியப்பனின் ரத்த அழுத்தம் ஒரு வருடத்தில் ஒரு புள்ளிகூட இறங்காதது ஏன் என்று அவளும் நேமிநாதனும் மண்டையை உடைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அடுத்த தறியில் யாருக்குக் கை இழுத்துக்கொள்ளுமோ? அந்தப் பயம் புதிதாக வந்து, பழைய பயம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அவளைப் பிடிக்காதவர்களாக இருந்திருந்தால் முதல் மாதமே முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பார்கள்.

பொன்னுசாமி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னாமா, இன்னும் மூஞ்சி சரியாவல? எனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே?"

"ஏறி உக்காரு நைனா. ஒரு போன் பேசிட்டு வரேன்."

நேமிநாதன் காத்திருந்தவர்போல உடனே எடுத்தார். "சொல்லுங்க எழிலரசி. ரிசல்ட்?"

"நார்மல் சார். அப்பா நல்லா இருக்கறாரு."

"அப்பாடா!" அவர் குரல் இவ்வளவு உரக்க வந்து அவள் கேட்டதில்லை. "தப்பிச்சோம். ரொம்ப பயந்துட்டேன்மா. அவருக்கும் ஒண்ணும் ஆகல, நம்ம ஸ்டடிக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆச்சு சார்" என்றாள் எழிலரசி.